நாயின் காதில் ஒரு கூசி

அன்று காலை கொன்றை வளாகத்தின் இருநூறு வீடுகளிலும் யாராவது ஒருவர் தலையில் ஷாம்பு நுரையோடு, வராத தண்ணீரைத் திட்டிக்கொண்டு நின்றதற்குக் காரணம் மாசிலாமணி. சரியாகச் சொன்னால் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அவர் வீட்டு சோபாவுக்கு அடியில் படுத்திருந்த ஒரு நாயின் இடது காது.

நாய் அவருடையதல்ல. கீழ்வீட்டுக் கலியபெருமாளுடையது. அவர் ஒரு கல்யாணத்துக்காகத் திண்டிவனம் கிளம்பும்போது, “தயிர்சாதம் போட்டாப் போதும் சார், வேற வம்பு பண்ணாது” என்று சொல்லி இங்கே விட்டுவிட்டுப் போயிருந்தார். பெயர் ஜமீன். பெயருக்கேற்ற சோம்பேறி. ஆனால் அதன் காதில் இருந்த கூசி மாசிலாமணியுடையது. வம்பு அங்கேதான் தொடங்கியது.

கூசி என்பது சுண்டைக்காய் அளவில் ஒரு கிளிப். காதுமடலுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டாதவர் எந்த மன்றத்திலும் வாய் திறக்க முடியாது. கொன்றை வளாகத்தில் தண்ணீருக்கு ஒரு மன்றம், லிஃப்டுக்கு ஒரு மன்றம், குப்பைக்கு, வண்டி நிறுத்துவதற்கு, மொட்டை மாடியில் வடாம் காய வைப்பதற்கு என்று தனித்தனி மன்றங்கள். அவரவர் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். எடுத்த முடிவைக் கட்டடத்தின் இயந்திரங்கள் மறுபேச்சில்லாமல் நிறைவேற்றும்.

முன்பெல்லாம் குழுமம் என்று ஒன்று இருந்தது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று ஒருவர் கேட்டால், ஒரு ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வரும். அடுத்து யாருடைய மாமியாருக்கோ முழங்கால் வலி, அதற்கு நாலு பேர் சொல்லும் நாலு விதமான எண்ணெய். நிர்வாகி என்று ஒரு பாவப்பட்டவர் “தலைப்புக்குள் பேசுங்கள்” என்று கத்திக் கத்தி, கடைசியில் அவரே குழுமத்தை விட்டு வெளியேறுவார். லாரி வந்துபோனது யாருக்கும் தெரியாது.

கூசி வந்த பிறகு நிர்வாகிக்கு வேலையில்லை. ஒருவர் பேச்சைத் திசைமாற்றினால் கேட்பவர்களுக்கு ஓர் எரிச்சல் வருமே, அதைக் கூசி தோல் வழியாக அறிந்துகொள்ளும். எல்லோருடைய எரிச்சலையும் கூட்டி, பேசுகிறவரின் காதுக்குச் சூடாக அனுப்பும். தீக்காயம் எல்லாம் இல்லை. சம்பந்தி வீட்டில் ஏதோ உளறிவிட்டோம் என்று புரிகிற கணத்தில் காது சுடுமே, அதே சூடு. பேசியவர் தானாக வாயை மூடிக்கொள்வார். ‘உங்களை ஆள வேறொருவர் எதற்கு? உங்கள் அக்கம்பக்கம் போதும்’ என்பதுதான் கூசி நிறுவனத்தின் விளம்பர வாசகம்.

மாசிலாமணியின் காது அந்த வளாகத்திலேயே அதிகம் சுட்ட காது. வீட்டு உபயோக இயந்திரங்களுக்குக் குரல் கொடுப்பது அவர் தொழில். ‘துணி துவைத்து முடிந்தது’, ‘மூன்று விசில் முடிந்தது’, ‘குளிர்பெட்டியின் கதவு திறந்திருக்கிறது’ என்றெல்லாம் ஊரில் பாதிப் பேரின் சமையலறையில் ஒலிப்பது அவர் குரல்தான். நாள் முழுக்க அடுத்தவர் எழுதிக் கொடுத்த ஒற்றை வரிகளையே சொல்கிறவருக்குச் சாயங்காலம் மன்றத்தில் உட்கார்ந்ததும் வாய் பரபரக்கும். வடிகால் அடைப்பு என்று ஆரம்பித்தால் வடிவேல் பவனின் அடைக்குப் போய்விடுவார். உடனே காது வடைச்சட்டி ஆகிவிடும்.

தண்ணீர் மன்றத்தின் அந்தக் கூட்டத்துக்கு முன்னால்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. கூசிக்கு வேண்டியது ஓர் உயிருள்ள காது. அது யாருடைய காது என்று அது கேட்பதில்லை. ஜமீனின் காதில் மாட்டினார். ஜமீன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

மேல்நிலைத் தொட்டியைப் புதன்கிழமை கழுவுவதா, ஞாயிற்றுக்கிழமையா என்பது பொருள். மாசிலாமணி, “தொட்டின்னதும் எங்க ஸ்கூல் தொட்டி ஞாபகம் வருது” என்று ஆரம்பித்தார். விளையாட்டு வாத்தியாரின் விக் அந்தத் தொட்டியில் விழுந்ததையும், செத்த எலி என்று நினைத்து வாட்ச்மேன் அதைக் குச்சியால் எடுத்துப் புதைத்ததையும், வாத்தியார் மறுநாள் மண் வாசனையோடு பள்ளிக்கு வந்ததையும் சாங்கோபாங்கமாகச் சொன்னார். ஆச்சரியம், யாரும் தடுக்கவில்லை. இரண்டு மூன்று வீடுகளில் இருந்து சிரிப்புச் சத்தம்கூட வந்தது. பாவம் நாய், நம் பாவத்தைச் சுமக்கிறதே என்று குனிந்து அதன் காதைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. சரி, கூசி பழுது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவருக்கு அடுத்துப் பதினோராம் மாடி நப்பின்னை பேச ஆரம்பித்தபோது ஜமீனை ஓர் உண்ணி கடித்தது.

நாய் எழுந்து பின்னங்காலால் காதைப் பிறாண்டியது. அந்த நாயின் வாழ்க்கையிலேயே அதைவிடப் பெரிய எரிச்சல் வந்திருக்காது. அது அப்படியே கூசி வழியாக மன்றத்துக்குப் போனது. நப்பின்னையின் காது பற்றிக்கொள்ள, அவள் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். அடுத்துப் பேச வந்தவருக்கும் அதே கதி. அதற்கடுத்தவர் தொண்டையைச் செருமியதுமே நிறுத்திக்கொண்டார். புதன் என்று சொல்லவும் ஆளில்லை, ஞாயிறு என்று சொல்லவும் ஆளில்லை. இருநூறு வீடும் காதைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தது. நேரம் முடிந்தது. முடிவு எடுக்கப்படாவிட்டால் மறுநாள் காலையே தொட்டியைக் காலி செய்துவிடுவது இயந்திரத்தின் விதி. விடிந்ததும் காலி செய்துவிட்டது.

யார் செய்தது என்று கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. எரிச்சலின் வடிவத்தை ஆராய்ந்த இயந்திரம், ‘உறுப்பினர் மாசிலாமணி பின்னங்காலால் காதைச் சொறிந்துள்ளார்’ என்று தன் பதிவில் எழுதி வைத்திருந்தது.

*

அறிவிப்பை வாசித்தது அவர் வீட்டு வாஷிங் மெஷின்தான். அவருடைய குரலிலேயே.

“அன்புள்ள மாசிலாமணி அவர்களே, உங்களை எல்லா மன்றங்களில் இருந்தும் விலக்குவது குறித்து வரும் ஞாயிறு காலை பொது மண்டபத்தில் விலக்கல் மன்றம் கூடும். முகங்களைப் பார்த்துப் பேசும் உரிமை உங்களுக்கு உண்டு. துணி துவைத்து முடிந்தது.”

“எவ்வளவு இனிமையாப் படிக்கிறீங்க” என்றாள் மனைவி செண்பகம், துணியை எடுத்து உதறியபடி. “இதுக்கும் காசு வாங்கினீங்களா?”

“கிண்டல் பண்ணாத செண்பகம். விலக்கிட்டா என்ன ஆகும் தெரியுமில்ல? நம்ம குழாயில தண்ணி வரலன்னு சொல்ல முடியாது. லிஃப்ட் நமக்கு நிக்காது. போன வருஷம் ஆறாவது மாடிக்காரங்க பெட்டியைப் படியில இழுத்துக்கிட்டுப் போனாங்களே, பாத்தல்ல?”

“பாத்தேன். நாம போனா எங்க போறது?”

“உங்க அண்ணன் வீட்டு மாடி ரூம் காலியாத்தான இருக்கு.”

“எங்க அண்ணன் ராத்திரியெல்லாம் கீபோர்டு வாசிக்கும். நான் வரமாட்டேன். நீங்க வேணா போங்க.”

அவள் மிச்சத் துணியை உதறிக்கொண்டிருக்க, அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே நின்றார். வீடு போவது ஒரு பக்கம். அதைவிட அவரைக் குடைந்தது வேறொன்று. இத்தனை நாளும் சுட்டதெல்லாம் உண்மைதானா? சிரிக்க வைக்கிறோம் என்று நினைத்துப் பேசிய ஒவ்வொரு முறையும் இருநூறு வீட்டுக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள்?

“செண்பகம், ஒண்ணு கேக்கறேன். நான் பேசறது உனக்கு எரிச்சலா இருக்கா?”

“மூன்று விசில் முடிந்தது” என்றது சமையலறையில் இருந்து அவருடைய குரல்.

“குக்கரை இறக்கணும்” என்று அவள் போய்விட்டாள்.

மறுநாள் கலியபெருமாள் நாயை அழைத்துப்போக வந்தார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். மன்றங்களில் குழாயின் குறுக்களவு பற்றி ஒரு மணி நேரம் விடாமல் பேசுவார். காது சுட்டதாக ஒரு நாளும் அவர் சொன்னதில்லை. பேச்சு ஒழுங்குக்கு உதாரணம் என்று கூசி நிறுவனமே அவருக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தது.

“சார், ஜமீன் விஷயத்துல மன்னிச்சுக்குங்க. என் மேல கோபமா?”

“அது விலக்கல் மன்றத்துப் பொருள். அங்க பேசிக்கலாம்” என்றார் கலியபெருமாள். நாயின் காதைத் தூக்கிப் பார்த்து உண்ணியைத் தேடி எடுத்தார்.

லிஃப்டில் கேட்கலாம் என்றால் அங்கேயும் வழியில்லை. லிஃப்டுக்குள் லிஃப்ட் மன்றம் எப்போதும் நடந்துகொண்டே இருக்கும். உள்ளே லிஃப்டைப் பற்றி மட்டும்தான் பேசலாம். “இன்னிக்கு வேகம் பரவாயில்ல.” “ஆமா, கதவுகூட பதமா மூடுது.” பத்து வருடம் பழகியவர்கள் இப்படித்தான் மேலும் கீழும் போய் வந்தார்கள். சாப்பிட்டாச்சா என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் கேட்டவர் காது சிவக்கும். அதனால் அந்தக் கேள்வியே கட்டடத்தில் இருந்து காலி செய்துகொண்டு போய்விட்டது.

மாசிலாமணி படிக்கட்டுக்கு மாறினார். படிக்கட்டுக்கு மன்றம் இல்லை. யாரும் ஏறுவதில்லை என்பதால் யாரும் அமைக்கவில்லை. எட்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சிரைக்க நின்றபோது மேலிருந்து நப்பின்னை இறங்கி வந்தாள். கூசி நிறுவனத்தில் பொறியாளர். கூசியை வடிவமைத்த குழுவில் ஒருத்தி. ஆனால் அவள் காதில் கூசி இல்லை.

“நாயோட காது சுட்டுச்சா சார்?” என்றாள் எடுத்த எடுப்பில்.

“என்னம்மா?”

“நீங்க அந்த விக் கதை சொன்னப்ப. தொட்டுப் பாத்தீங்களா?”

“பாத்தேன். ஜில்லுனு இருந்துச்சு. கூசி ரிப்பேர்னு நெனச்சேன்.”

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ரிப்பேர் இல்ல சார். நீங்க பேசின அந்த நேரம்தான் அது ஒழுங்கா வேலை செஞ்சுது.”

“புரியும்படியா சொல்லும்மா. எனக்கு ஏற்கெனவே மூச்சு வாங்குது.”

“கூசி எல்லாரோட எரிச்சலையும் கூட்டும்னு சொல்றோம்ல? எல்லாரும்னா பேசறவரையும் சேர்த்துத்தான். அவரைக் கழிக்கணும்னு எங்களுக்குத் தோணல. எரிச்சலும் கூச்சமும் தோலுக்கு ஒண்ணுதான் சார், அதுக்கு வித்தியாசம் தெரியாது. நீங்க வாயைத் தொறக்கும்போதே, ஐயோ ரொம்பப் பேசறமோன்னு உள்ள ஒரு நடுக்கம் வரும்ல?”

“வரும்” என்றார் மாசிலாமணி. “பொறந்ததுல இருந்து வரும்.”

“அதை எடுத்துக்கும். மன்றத்தோட மனநிலை எல்லாருக்கும் தெரியணும்னு அதை எல்லார் காதுலயும் லேசா குறுகுறுன்னு விடும். அவங்க என்ன நினைப்பாங்க? ஓ, மத்தவங்களுக்கு எரிச்சல் போலிருக்கே, நமக்கு மட்டும் ஏன் வரலன்னு. உடனே அவங்களுக்கும் வந்துடும். அதெல்லாம் கூடித் திரும்ப உங்க காதுக்கு வரும்.”

“அப்ப இத்தனை வருஷமா என்னைச் சுட்டது…”

“விதை நீங்க போட்டது. மீதியெல்லாம் எதிரொலி.”

மாசிலாமணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். “கூச்சமே இல்லாத ஆள் பேசினா?”

“சூடே வராது. அது தலைப்போ, தலைப்பில்லையோ.”

இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே முகம் ஞாபகம் வந்தது. வண்டி நிறுத்த மன்றத்தில் தன் பித்தப்பை ஆபரேஷனை ஒரு தையல் விடாமல் விவரித்தவர் கலியபெருமாள். அன்றும் அவர் காது சுடவில்லை. பிசகாமல் தலைப்பில் நின்று பேசியதாகத்தான் பதிவு சொன்னது.

“இதை வெளியில சொல்லலியாம்மா நீ?”

“எங்க சொல்றது? தண்ணி மன்றத்துல சொன்னா அது தண்ணி இல்ல. குப்பை மன்றத்துல சொன்னா அது குப்பை இல்ல. கூசியைப் பத்திப் பேச ஒரு மன்றமும் கிடையாது சார். ஆபீஸ்ல சொல்லலாம்னு எந்திரிச்சேன். அங்கயும் எல்லாரும் கூசிதானே மாட்டியிருப்போம்? நான் போட்ட கணக்கை நானே தப்புன்னு சொல்றமேன்னு உள்ள ஒரு பயம். அவ்வளவுதான், காது எரிஞ்சுது. உட்கார்ந்துட்டேன்.” அவள் தன் வெறுங்காதைத் தடவிக்கொண்டாள். “நான் செஞ்சதே என்னை வாயை மூட வெச்சிடுச்சு.”

“சரி, ஒண்ணு மட்டும் சொல்லு. எதிரொலியை எல்லாம் கழிச்சுட்டுப் பாத்தா, நான் இந்தக் கட்டடத்துக்கு வேண்டாதவனா, இல்லையா?”

“கழிச்சுப் பாத்தேன் சார். மீதி எதுவுமே இல்ல. உங்களைப் பிடிக்காம போனதும் இல்ல, பிடிச்சதும் இல்ல. குறுகுறுப்பு வந்த பிறகுதான் அவங்க என்ன நினைக்கறதுன்னே முடிவு பண்றாங்க. இங்க யாரும் யாரையும் சொந்தமா நினைச்சு ரொம்ப நாளாச்சு.”

“இது பதில் இல்லையேம்மா.”

“இல்லதான்” என்றாள் நப்பின்னை. எழுந்து இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பினாள். “ஆனா விலக்கல் மன்றத்துல தப்பிக்க ஒரு வழி இருக்கு. நீங்க பேசும்போது எவ்வளவு சூடு வருதோ, அதை வெச்சுத்தான் இயந்திரம் தீர்ப்பு சொல்லும். துளிகூட கூச்சப்படாம பேசுங்க. ஜெயிச்சிடுவீங்க.”

*

அடுத்த சில நாட்கள் மாசிலாமணி கூச்சமின்மை பயின்றார். கண்ணாடி முன் நின்று மார்பை நிமிர்த்தி, “நான் பேசுவேன். நீங்கள் கேட்பீர்கள்” என்று சொல்லிப் பார்த்தார். கண்ணாடியில் இருந்தவர் உடனே தலையைக் குனிந்துகொண்டார். பால்கனியில் நின்று தெருவில் போகிற ஒருவரைக் கூப்பிட்டுக் காரணமில்லாமல் முறைத்துப் பார்த்தார். அவர் நின்று, “என்ன சார், ஏதாவது விழுந்திடுச்சா?” என்று அக்கறையாகக் கேட்க, “இல்லைங்க, மன்னிச்சுக்குங்க, சும்மாதான்” என்று உள்ளே ஓடிவந்துவிட்டார்.

“வராத வித்தைக்கு எதுக்கு இந்தப் பாடு?” என்றாள் செண்பகம்.

“வரலன்னா வீடு போயிடும்.”

“வந்தா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? கீழ்வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆளை நான் சோறு போட்டு வளக்கணும்.”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது கோபமும் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கூச்சப்படுகிற ஒருவன் அந்தக் கூச்சத்தோடு வாயைத் திறப்பதே பெரிய காரியம். அந்த நேரம் பார்த்து அவன் காதில் நெருப்பு வைக்கிற ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு, தலைப்பு காக்கிறோம் என்று இத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறோம். நல்ல அக்கம்பக்கம்! அதில் தானும் ஒருவன். மற்றவர்கள் பேசும்போது காது குறுகுறுத்ததும் தானும் முகத்தைச் சுளித்திருக்கிறார்.

ஞாயிறு காலை பொது மண்டபம் நிரம்பி வழிந்தது. ஒரே இடத்தில் எல்லோரும் கூடி வெகுகாலம் ஆகியிருந்தது. கல்யாண வீட்டில் தெரியாத சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோர் காதிலும் கூசி. முதல் வரிசையில் கலியபெருமாள், காலடியில் ஜமீன்.

மேடை ஒலிபெருக்கி பேசியது. அதுவும் மாசிலாமணியின் குரல்தான். “பொருள்: உறுப்பினர் மாசிலாமணி. உறுப்பினர் மாசிலாமணி பேசலாம்.”

அவர் எழுந்தார். “எல்லாருக்கும் வணக்கம். இந்த ஒலிபெருக்கி என்னை எதிர்த்துப் பேசினா தயவுசெஞ்சு நான்தான் பேசறேன்னு நினைச்சுக்காதீங்க.”

யாரோ சிரிக்க வாயெடுத்து, காதைத் தொட்டு, நிறுத்திக்கொண்டார்கள்.

“இன்னிக்கு ஒரு வசதி பாருங்க. இந்த மன்றத்துக்கு நானே பொருள். நான் எங்க சுத்தினாலும் பொருள் என்கூடவே வரும். என் அத்தை கல்யாணத்தைப் பத்திப் பேசினாலும் அது தலைப்புக்குள்ளதான். ஆனாலும் பாருங்க, காது சுட ஆரம்பிச்சிடுச்சு.” அவர் காதைக் காட்டினார். நிஜமாகவே சிவந்திருந்தது. “இதுல இருந்து என்ன தெரியுது? இது தலைப்பைக் காக்கல. வேற எதையோ காக்குது.”

சூடு ஏறியது. மண்டபம் முழுக்கக் குறுகுறுப்பு பரவுவதை முகங்களிலேயே பார்க்க முடிந்தது. காற்று அடிக்கும்போது வயல் சாய்வதுபோல் வரிசை வரிசையாகப் புருவங்கள் சுளித்தன. ஒலிபெருக்கி எச்சரித்தது. “சூடு எல்லையை நெருங்குகிறது.”

“கூச்சப்படாம பேசினா ஜெயிக்கலாம்னு சொன்னாங்க. முயற்சி பண்ணினேன். வரல. எனக்கு அது வேண்டவும் வேண்டாம்” என்றார் மாசிலாமணி. “நான் கூச்சப்படறவன்தான். கூச்சப்பட்டுக்கிட்டேதான் பேசுவேன். அதுக்கு இது எனக்குத் தேவையில்ல.” கூசியைக் கழற்றி மேடை விளிம்பில் வைத்தார்.

“கூசி இல்லாத பேச்சு பேச்சல்ல. உறுப்பினர் மாசிலாமணி மௌனமாக இருக்கிறார் எனக் கொள்ளப்படும்” என்றது அவர் குரல்.

“பாத்தீங்களா? இவன் இப்படித்தான். என் தொண்டையை வாங்கிக்கிட்டு என்னையே ஊமைன்னு சொல்றான்.”

நடுவரிசையில் நப்பின்னை எழுந்தாள். காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். பேச வாய் திறந்தாள், வரவில்லை. கூசியைப் பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். படிக்கட்டில் சொன்ன அதே கணக்குதான். ஆனால் இப்போது குரல் உடைந்து உடைந்து வந்தது. பேசுகிறவரின் கூச்சமும் சேர்த்துக் கூட்டப்படுகிறது என்றாள். அதைச் செய்தது தன் குழு என்றாள். தெரிந்தும் சொல்லாமல் இருந்தது தான் என்றாள். “உங்க காதைச் சுட்டது பக்கத்து வீட்டுக்காரங்க இல்ல. நீங்கதான். நான்தான். அவங்கவங்கதான்.”

பின்வரிசையில் இருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. “அப்ப நான் நாலு வருஷமா வாயே தொறக்காம இருந்தது?”

“அது உங்க சொந்தப் பயத்தால அக்கா” என்றாள் நப்பின்னை.

அந்தப் பெண் தன் கூசியைக் கழற்றினாள். அதைத் தரையில் போட்டு மிதிக்கவெல்லாம் இல்லை. தோட்டைக் கழற்றுவதுபோல் கழற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்து இன்னொருவர். பிறகு ஒரு வரிசை. கிளிக், கிளிக் என்று அடைமழை தொடங்குகிற சத்தம். பிறகு எல்லோரும் மெதுவாகக் கலியபெருமாள் பக்கம் திரும்பினார்கள். தலைப்பை விடாமல் பேசியவர் என்று கேடயம் வாங்கியவரைப் பார்த்து, யாருக்கோ களுக்கென்று சிரிப்பு வந்தது.

“என்னை எதுக்கு எல்லாரும் பாக்கறீங்க?” என்றார் அவர். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. பாதுகாப்புக்காகத் தன் கூசியையும் கழற்றி ஜமீனுக்கு எட்டாத உயரத்தில், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதுதான் கடைசிக் கூசி.

“மன்றத்தில் ஒருவரும் இல்லை” என்றது ஒலிபெருக்கி. கொஞ்சம் யோசித்தது. “குளிர்பெட்டியின் கதவு திறந்திருக்கிறது” என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு அணைந்துபோனது.

மாசிலாமணி மேடை விளிம்புக்கு வந்தார். கூச்சம் போகவில்லை. அது போகும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

“இப்ப நமக்கு நடுவுல எதுவும் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வீட்டுக்காரியைக் கேட்டேன், குக்கரை இறக்கப் போயிட்டா. கணக்குப் போட்டவங்களைக் கேட்டேன், கணக்குல மீதி எதுவும் இல்லன்னாங்க. நீங்க சொல்லுங்க. நான் பேசறது உங்களுக்கு நிஜமாவே எரிச்சலா இருக்கா? நான் இந்தக் கட்டடத்தை விட்டுப் போகணுமா, இருக்கணுமா? எது சொன்னாலும் சரி. ஆனா நேரா சொல்லுங்க.”

மண்டபம் முழுவதும் கைகள் எழுந்தன. வாக்களிப்பதற்கு அல்ல. எல்லோரும் அவரவர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறுகுறுப்பு வருகிறதா, இல்லையா? தமக்கு எரிச்சலா, இல்லையா? வெறும் காதுமடல் எதுவும் சொல்லவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவரும் காதைத்தான் தடவிக்கொண்டிருந்தார். நப்பின்னையும் தொட்டுக்கொண்டிருந்தாள். செண்பகம்கூட, கையைத் தூக்கிவிட்டு, வெட்கப்பட்டு, தலைமுடியைச் சரிசெய்வதுபோல் இறக்கினாள். காது சுடுவது நின்ற பிறகும், கூசி சொல்லித் தராமல் தமக்கு என்ன தோன்றுகிறது என்றே தெரியாமல் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மாசிலாமணிக்கு அழுகை வரும்போல் இருந்தது.

ஒரே ஒருவர் மட்டும் காதைத் தொடவில்லை. அவருக்கு அது எந்நாளும் எதையும் சொன்னதில்லை.

கலியபெருமாள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“எரிச்சலாத்தான்யா இருக்கு. நீ வாயைத் தொறந்தா எனக்குத் தலைவலி வரும். அந்த விக் கதையைத் திண்டிவனத்துல கல்யாணப் பந்தியில உட்கார்ந்து, கூசி மாட்டாம போன்ல கேட்டேன், பாயசத்தை விட்டுட்டு எந்திரிச்சிட்டேன். அவ்வளவு அறுவை. ஆனா பிடிக்கலன்னா எந்திரிச்சுப் போக வேண்டியவன் நான்தானே? நீ எதுக்குய்யா போகணும்?”